ஒன்பதாவது சுற்று

சுவர் முழுக்கக் காந்தப் பட்டைகள்,
பட்டைக்கு ஒரு பெயராக அறுநூறு பெயர்.
டிராஃப்டின் இரண்டாம் நாள்.
காலையிலிருந்து ஒவ்வொன்றாய் உரிந்து
வேறு அணிகளுக்குப் போய்க்கொண்டிருந்தன.
ஜூலை. அரிசோனா.
எங்களுக்கு முன்பே குளிரூட்டி களைத்துவிட்டது.

ஹார்லன் ட்வீட் பென்சிலால்தான் கணக்குப் போடுவார்.
எட்டாம் சுற்றுக்கு ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் டாலர்,
ஒன்பதுக்கு ஒன்று எழுபது,
பத்துக்கு ஒன்றரை.
மூன்றிலும் கல்லூரி முடித்தவன் ஒருவன்,
போக வேறு வாசல் இல்லாதவன்.
ஆளுக்கு ஐயாயிரம்.
மிச்சம் நாலு லட்சத்துத் தொண்ணூறாயிரம்.
அது பதினோராம் சுற்றில்
ஜார்ஜியாப் பையனுக்கு.

பையன் பெயர் டெஷான் பெட்டிகுரூ. வயது பதினெட்டு.
பந்து தொண்ணூற்றாறு மைல் வேகம்.
அவன் கை சுழற்றியபோது
வலைக்குப் பின்னால் ரேடார் துப்பாக்கிகள்
ஒரே நேரத்தில் உயர்ந்ததைப் பார்த்தேன்,
ஏலத்தில் கையுயர்வதைப் போல.
எண்பதுக்கு எழுபது என்று எழுதினேன்.
பொய்யில்லை.

"கல்லூரி முடித்தவர்களில் உன் ஆள் யார்?" என்றார் ட்வீட்.
என் வட்டாரம் நெப்ராஸ்கா, இரண்டு டகோட்டாக்கள்.
சோளம், காற்று,
அப்புறம் கேட்சர் லேலண்ட் ப்ரோஹாஸ்கா.

அவனைப் பற்றி நான் எழுதியது மூன்று வரி.
பிடிப்பது ஐம்பத்தைந்து.
எறிவது ஐம்பது.
அடிப்பது நாற்பது, அதுவும் அன்பில் போட்டது.
நாலாவது வரிக்குப் படிவத்தில் கட்டமில்லை:
மார்ச்சில், பனி தூறிய ஒரு பேஸ்பால் ஆட்டத்தில்
மூன்று மணி நேரம் குந்தியிருந்து எழுந்தவன்
முதல் வேலையாய்
நடுவரின் தோளில் உறைந்திருந்ததைத் தட்டிவிட்டான்.

போன் செய்தேன். தானியக் கிடங்கில் வேலையிலிருந்தான்.
பின்னால் ஏதோ இயந்திரம் மென்றுகொண்டிருந்தது.
"ஒன்பதாவது சுற்று" என்றேன்.
இயந்திரம் நின்றது.
"ஐயாயிரம்" என்றேன்.
"ஒன்பதாவதா? நிஜமாவா சார்?"
தொகை அவன் காதில் விழவில்லை.
என் காதில் விழுந்தது.

பேரம் தெரியாதவனிடம் பேரம் முடிக்க
எத்தனை நொடி ஆகும்?
எதற்கெல்லாமோ புள்ளிவிவரம் வைத்திருக்கிறோம்,
இதற்கு இல்லை.

பெட்டிகுரூவின் அம்மா நர்ஸ்.
இரவுப் பணி முடிந்த கையோடு
எங்கள் தாளை இரண்டு முறை படித்தார்.
"ஆறு லட்சத்து நாற்பதாயிரம். சரி.
வரி போக? ஏஜென்ட் போக?
முழங்கை போனால்?"
கடைசிக் கேள்விக்கு
எங்கள் மருத்துவர் இருமினார்.
பையன் கல்லூரிக்குப் போகிறான்.

கெடு நாள் மாலை ஐந்து மணிக்கு
அந்தப் பணம் யாரிடமும் போய்ச் சேரவில்லை.
அது பணமே இல்லை, செலவழிக்க ஓர் அனுமதி.
மணி அடித்ததும் அனுமதியும் இல்லை.

நாலே முக்காலுக்கு நான் கேட்டிருந்தேன்:
"ப்ரோஹாஸ்காவுக்குக் கொஞ்சம் கூட்டித் தரலாமே?"
ட்வீட் நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அவன்தான் கையெழுத்துப் போட்டுட்டானே."

பத்திரிகைகள் மதிப்பெண் போட்டுவிட்டன.
எங்கள் தேர்வுக்கு பி மைனஸ்.
துணிந்தார்களாம், தவறவிட்டார்களாம்.
ஒன்பதாவது சுற்றைப் பற்றி
ஒரு சொல் இல்லை.

நேற்று அவனிடமிருந்து குறுஞ்செய்தி:
முழங்கால் காப்பு அணியே தருமா,
பழசைக் கொண்டுவரட்டுமா?
இடது காலில் ஒரு வார் அறுந்திருக்கிறதாம்,
தைத்துவிடலாமாம்.

பதில் அடித்தேன். அழித்தேன்.
பிறகு, அளவு என்ன என்று மட்டும் கேட்டேன்.

கடை ரசீது மேசையில் கிடக்கிறது.
செலவுப் படிவத்தில்
பெட்ரோல், விடுதி, சாப்பாடு, இதர.
இதர என்பதற்கு எதிரே
பேனாவை வைத்திருக்கிறேன்.